கோவில்பட்டிப் புறநகர்க் குடியிருப்போர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்களே, செயலாளர்களே, மாதந்தோறும் சந்தா செலுத்தித் தெருவின் நலத்தைப் பேணிவரும் பெரியோர்களே, தாய்மார்களே,



எட்டயபுரம் சாலையிலும் பசுவந்தனைச் சாலையிலும் கடலையூர்ச் சாலையிலும் மந்தித்தோப்புச் சாலையிலும், ஒரு தலைமுறைக்கு முன்வரை பருத்தியும் கம்பும் உளுந்தும் விளைந்துகொண்டிருந்த கரிசற் காடுகளில் கல் நட்டு, மனை பிரித்து, ‘நகர்’ என்று பெயர் சூட்டப்பட்ட இடங்களில், வாழ்நாட் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொட்டி வீடு கட்டிக் குடியேறியிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். தெருவிளக்குக்காகவும், குடிநீர்க் குழாய்க்காகவும், மழைக்காலத்தில் கால் புதையும் பாதையில் ஒரு லோடு சரளை கொட்டுவதற்காகவும் நகராட்சி அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் உங்கள் சங்கத்தார் நடந்த நடையை அறிந்தவன் ஆதலால், உங்கள்மீது குற்றம் சுமத்தும் நோக்கம் எனக்கு இல்லை. இரண்டு விஷயங்களில் உங்கள் அபிப்பிராயம் மாற வேண்டும் என்று மட்டும் விண்ணப்பித்துக்கொள்கிறேன். ஒன்று, தனி வீடுகளின் நடுவே எழக்கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மற்றொன்று, முதியோரோ, மாற்றுத்திறனாளிகளோ, மனநோயினின்று தேறியவர்களோ, வேலைக்கு வந்த பெண்களோ, திருநங்கையரோ நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே கூரையின்கீழ் வசிக்கும் இல்லம்.

இவ்விரண்டில் எது வரப்போவதாகப் பேச்சு எழுந்தாலும், முதலில் தண்ணீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் ஆரம்பித்து, சற்று நேரத்திற்கெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்களோ!’ என்ற இடத்தில் வந்து நிற்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மனுவில் எழுதப்படுவது முதல் காரணம். மனுவை எழுதவைப்பது பெரும்பாலும் இரண்டாவது காரணம். முதலாவது நியாயமானது, அதற்காகச் சங்கங்கள் இன்னும் உரத்தே பேச வேண்டும். இரண்டாவது சட்டத்துக்கும் தர்மத்துக்கும் ஒவ்வாதது, அதற்குச் சங்கத்தில் இடமே தரலாகாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கு விளக்கம்.

நியாயமான ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். நம்முடைய மண், வீடு கட்டுவோருக்கு இணங்கி வருகிற மண் அன்று. ஐப்பசி கார்த்திகையில் நீரைக் குடித்து உப்பி, பங்குனி சித்திரையில் வறண்டு சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இந்தக் களிமண்ணின்மேல் ஆழமின்றிக் கடைகால் போட்ட வீட்டின் சுவர் சில வருஷங்களிலேயே விரிசல் காணும் என்பதை இங்கே எந்தக் கொத்தனாரும் சொல்வார். இத்தகைய பூமிக்கென்றே, அடியில் குமிழ்போல் விரிந்த தூண்களை ஆழத்தில் இறக்கி அவற்றின்மேல் கட்டடத்தை நிறுத்தும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைத்துப் பருத்திக்கு ஊட்டுகிற அதே குணம், கழிவுநீர் விஷயத்தில் நமக்குப் பெரும் உபத்திரவம். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில், தொட்டியிலிருந்து வழியும் நீர் உறிஞ்சுகுழிக்குள் இறங்கி மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது செம்மண் நிலத்துக்குப் பொருந்தலாம்; கரிசலில் குழி நிறைந்து, மேலே வழிந்து, பக்கத்துக் காலி மனையில் பச்சைப் பாசி படரத் தேங்கி நிற்கும். ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்கே இந்த நிலைமை என்றால், பதினாறு குடும்பங்கள் வாழப்போகும் கட்டடத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பதற்கு உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

தண்ணீரின் கதையும் நீங்கள் அறியாததன்று. ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிற வானம் பார்த்த பூமி இது. சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்து, வறண்ட மேட்டு நிலங்களின் ஊடே குழாயில் கொண்டுவந்து ஊட்டப்படும் ஊர் இது. ‘இன்னும் பதினாறு குடும்பம் வந்தால் எங்கள் குழாயில் காற்றுத்தான் வரும்’ என்று ஒரு தாய் சொன்னால், அதைத் துவேஷம் என்று தள்ள எனக்கு மனம் வராது. ஆனால் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பதினாறு குடும்பங்களும் பதினாறு மனைகளில் தனித்தனி வீடு கட்டினாலும் குடிக்கப்போகிற தண்ணீர் அதேதான், கழிக்கப்போகிற நீரும் அதேதான். அவர்களுக்காகப் போட வேண்டிய சாலையும் குழாயும் மின்கம்பமும்தான் பல மடங்கு நீளும். உழவுக்கு உதவியிருக்கக்கூடிய இன்னும் ஓர் ஏக்கர் கரிசலும் அதனால் மனையாகிவிடும். தவிரவும், பதினாறு குடும்பத்துக்கு ஒரே இடத்தில் சுத்திகரிப்பு ஏற்பாடு செய் என்று ஒரு கட்டடக்காரரை நிர்ப்பந்திக்க முடியும். பதினாறு தனி வீட்டுக்காரர்களை நிர்ப்பந்திக்க யாரால் முடியும்? ஆகவே கேளுங்கள், ஆனால் எல்லோரிடமும் கேளுங்கள். மண் பரிசோதனை செய்தாயிற்றா, கழிவுநீர் எங்கே போகும், 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா, தரையிலும் இருக்கிறதா, மனைப் பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலம் இன்னும் பூங்காவுக்கே இருக்கிறதா என்ற கேள்விகளை அடுக்குமாடி கட்டுகிறவரிடம் கேட்கும் அதே கண்டிப்போடு, உங்கள் சங்கப் பொருளாளர் தம் வீட்டுக்கு மேல் மாடி எடுக்கும்போதும் கேட்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போமானால், 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம் தொடங்கி, அதன் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், இப்போது நடைமுறையிலிருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று உபயோகத்தைக் கொண்டே வகுக்கின்றன. சாலையின் அகலம் என்ன, கட்டடத்தின் உயரம் என்ன, நாற்புறமும் எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது, வண்டிகள் நிற்க வழி உண்டா என்று அவை துருவித் துருவி விசாரிக்கின்றன. 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டாத கட்டடத்தை உயர்மாடி என்றே அவை கொள்வதில்லை. நம்முடைய நகர்களில் இவ்வளவு கிலேசத்தை உண்டாக்கும் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்கள் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுபவை. குடிவருகிறவர் இன்ன சாதி, இன்ன தேக நிலை, இன்ன பால் என்று பார்த்து விலக்கச் சொல்லும் விதி ஒன்றை அவற்றில் தேடினாலும் காண முடியாது. முழுமைத் திட்டத்துக்கும் நில உபயோக மாற்றத்துக்கும் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்கும் சந்தர்ப்பம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது; அந்த அறிவிப்பு வெளியாகும்போது உறங்கிவிட்டு, அஸ்திவாரம் தோண்டிய பிறகு ஊரைக் கூட்டுவது நம் சங்கங்களின் பழக்கம் என்பதையும் வருத்தத்தோடு சொல்லியே ஆக வேண்டும்.

இதையொட்டிச் சற்றுக் கசப்பான ஒரு விஷயம். 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யலாகாது என்று தடை விதித்தபோது, தமிழ்நாடெங்கும் எத்தனை குடும்பங்கள் திகைத்து நின்றன! விளைநிலத்தை வெட்டி விற்றவர் போய்விட்டார். வாங்கியவர் கையில் பத்திரம் இருந்தது, அங்கீகாரம் இல்லை. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழி செய்தது. வரிசையில் நின்று அந்தச் சலுகையைப் பெற்றவர்கள் உங்கள் நடுவிலும் இருப்பார்கள். சட்டத்தின் எழுத்துக்கு வெளியே வீடு கட்டிக்கொண்ட நமக்கு அரசும் ஊரும் காட்டிய தாட்சண்யத்தை, எல்லா அனுமதியும் பெற்று வருகிறவருக்கு நாம் மறுப்பது எந்த நியாயத்தில் சேரும் என்று எனக்குப் புலப்படவில்லை.

தேசங்களுக்குத் தேசம் இந்தப் பயம் ஒன்றாகவே இருப்பதுதான் விந்தை. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூர் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்தது செல்லும் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தபோது, தனி வீடுகளின் நடுவே எழும் அடுக்கு வீட்டை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டு எழுதிவைத்தது. அந்த ஒரு தீர்ப்பின் பலத்தில் அங்கே பல ஊர்கள் தனி வீடு தவிர வேறு எதையும் கட்டக் கூடாது என்று வேலி போட்டுக்கொண்டன. அதைக் காட்டிலும் நமக்குப் பாடமாகத்தக்கது டெக்சாஸ் மாநிலத்துக் கிளீபர்ன் நகரத்தின் வழக்கு. அறிவு வளர்ச்சி குன்றிய பதின்மூன்று பேர் சேர்ந்து வாழ ஓர் இல்லம் நடத்த அனுமதி கேட்டபோது, அந்நகர சபையார் மறுத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தாருக்குப் பயம் என்றார்கள். எதிரே பள்ளிக்கூடம் இருக்கிறது, மாணவர்கள் இவர்களைக் கேலி செய்வார்கள் என்றார்கள். அந்த இடம் ஐந்நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம் பாயும் தாழ்நிலம் என்றும் சொன்னார்கள். 1985-இல் உச்சநீதிமன்றம் அந்த மறுப்பைச் செல்லாது என்று தள்ளியபோது சொன்ன காரணத்தைச் சங்கத்தார் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும்: அதே இடத்தில் ஆஸ்பத்திரியோ, முதியோர் இல்லமோ, அடுக்கு வீடோ கட்ட இந்த விசேஷ அனுமதியே தேவையில்லை என்றிருக்கையில், வெள்ளம் இந்தப் பதின்மூன்று பேரை மட்டும் தேடி வருமா? ஓர் ஆட்சேபம் கட்டடத்தைப் பற்றியதா, ஆட்களைப் பற்றியதா என்று உரைத்துப் பார்க்க இதனினும் நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. வருகிறவர்கள் உங்கள் சொந்தத் தங்கையும் அவள் குழந்தைகளுமாக இருந்தால் அந்த ஆட்சேபத்தைச் சொல்வீர்களா? சொல்வீர்களானால் மனுவில் எழுதுங்கள், இல்லையானால் எழுதாதீர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். மந்தித்தோப்பில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் முயற்சியால் 2020-ஆம் ஆண்டு வாக்கில் திருநங்கையருக்கென்று சுமார் முப்பது வீடுகள் கட்டித் தரப்பட்டு, அவர் பெயராலேயே ‘சந்தீப் நகர்’ என்று அழைக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அங்குள்ளவர்கள் மாடு வளர்த்து, தங்களுக்கென்று பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஆவினுக்குப் பால் ஊற்றுகிறார்கள். பொறியியல் கல்லூரியில் இடம் பெறுவதற்கே போராடிய கிரேஸ் பானு அந்த முயற்சியின் முன்னணியில் நின்றவர். தேசத்துக்கே முன்மாதிரி என்று பத்திரிகைகள் எழுதின. நானும் அதை மனமாரப் போற்றுகிறேன். ஆயினும், அந்த நகரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை விட்டு நீங்குவதில்லை. மாத வாடகை கொடுக்கச் சக்தியுள்ள ஒரு திருநங்கைக்கு ஊரின் நடுவிலுள்ள வீட்டுக்காரர்கள் ஒரு போர்ஷனைக் கூச்சமின்றி வாடகைக்கு விட்டிருப்பார்களானால், அவர்களுக்கென்று தனியாக ஒரு நகரைக் கட்ட வேண்டிய அவசியம் ஓர் ஆட்சியருக்கு ஏன் நேர்ந்திருக்கும்? 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், திருநங்கையர் ஓர் இடத்தில் வசிப்பதையும் வாங்குவதையும் வாடகைக்கு எடுப்பதையும் மறுப்பது பாரபட்சம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவர்கள் கறந்த பால் நம் அடுக்களை வரை வரலாம், கறந்தவர் நம் தெரு வரை வரலாகாது என்பது என்ன நியதியோ!

மனநோயினின்று தேறியவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் சங்கக் கூட்டங்களில் பயம் மிகுதியாகிறது. அந்தப் பயத்துக்கு நம் பக்கத்து மாவட்டம் கொடுத்த விலையை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, காலில் சங்கிலியோடு கட்டப்பட்டுக் கிடந்த நோயாளிகள் தப்பி ஓட வகையின்றி 28 பேர் மாண்டுபோனார்கள். அவர்கள் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். ‘எங்காவது கண் காணாத இடத்தில் இருக்கட்டும்’ என்று ஊர்கள் தீர்மானித்ததால் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். அண்டை வீட்டார் என்று ஒருவர் அருகில் இருந்திருந்தால் அந்தச் சங்கிலியை அவர் தினமும் பார்த்திருப்பார், யாரிடமாவது சொல்லியும் இருப்பார். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்த அந்தக் கோரத்துக்குப் பின்னர் நாட்டின் சிந்தனை மெல்ல மெல்ல மாறியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இத்தகையோர் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உடையவர்கள் என்று விதித்துவிட்டன. சென்னையில் 1993-இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ என்னும் ஸ்தாபனம், ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்காகத் தங்கிவிட்ட பெண்களை நாலைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருக்களிலும் கிராமங்களிலும் வாடகை வீடு பிடித்து, ஓர் உதவியாளரையும் துணைக்கு வைத்துக் குடிவைக்கிறது. சமைப்பதும், கடைக்குப் போவதும், கோலம் போடுவதும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதுமாக அவர்கள் வாழ்க்கை நடக்கிறது. பெல்ஜியத்தில் கேல் என்னும் ஊர்க்காரர்கள் மனநோயாளிகளைத் தங்கள் குடும்பத்திலேயே ஒருவராக வைத்துக் காப்பாற்றுவதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாலு வீடு தள்ளி அவர்கள் வாடகைக்கு இருந்தால் சும்மா இருந்தாலே போதும்.

மனையின் விலை குறைந்துவிடும் என்ற கவலையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அடுக்குமாடி வந்த தெருவில் நிலத்தின் விலை ஏறியதாகக் குறைபடுகிறவர்களும் இருக்கிறார்கள், இறங்கும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் ஒரே சங்கத்தில் இருப்பதுண்டு.

ஆட்களை வகை பிரித்து ஊருக்கு வெளியே ஒதுக்குவதால் விளைவது என்ன என்பதற்குச் சென்னையே சாட்சி. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளுக்கென்று 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்திலேயே நின்றுவிட, வீடு மட்டும் தூரத்துக்குப் போனது. முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுகிறது என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லும்படியான கதி நேர்ந்தது. இதற்கு நேர் எதிரான பரீட்சை ஒன்றும் நம் மாநிலத்தில் நடந்தது. மதுரையிலிருந்து நம் ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில், திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில், 1998-இல் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது ஆதிதிராவிடருக்கும், இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோருக்கும், இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், பத்து ஏனையோருக்கும் கலந்து ஒதுக்கி, அண்டை வீடு யாருடையதாகவும் இருக்கலாம் என்ற நிலையைச் சர்க்காரே உண்டாக்கிப் பார்த்தது. அந்தத் திட்டத்தின் குறைகளைச் சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் தொண்ணூறுகளில் சாதிக் கலவரங்களால் எரிந்த இந்தத் தென் மாவட்டங்களில், தெரு வேறு காலனி வேறு என்று மண்ணிலேயே கோடு கிழித்து வாழ்ந்ததன் பலனை நேரில் பார்த்தவர்கள், புதிதாக மனை பிரித்த இடத்திலும் அதே கோட்டை வேறு பெயரில் கிழிக்க முற்படுவதை நான் எப்படி நியாயப்படுத்துவேன்?

நம் ஊரே வந்தவர்களால் ஆன ஊர். 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப் பாதை போட்டபோது வந்தவர்கள், பஞ்சாலைக்கு வந்தவர்கள், சிவகாசியைப் போல் இங்கும் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது வந்தவர்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் விளாத்திகுளம் பக்கத்திலிருந்தும் எட்டயபுரம் பக்கத்திலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள் என்று கூட்டிக் கழித்தால், பூர்விகக் குடி என்று மார்தட்டக்கூடியவர் எத்தனை பேர்? இப்போது பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, மூன்று சென்ட் மனையில் கட்டிய வீட்டில் முதியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் தெருக்கள் பெருகிவருகின்றன. மாடிப்படி ஏற முடியாமல், ராத்திரியில் நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆளில்லாமல் இருக்கும் அவர்களுக்கு லிஃப்டும் காவலாளியும் அண்டையில் பத்துக் குடும்பமும் உள்ள ஓர் அடுக்குமாடியோ, பராமரிப்பாளருடன் கூடிய ஒரு சிறிய இல்லமோ அதே தெருவில் அமைந்தால் எவ்வளவு சௌகரியம்! இன்று ஆட்சேப மனுவில் கையெழுத்திடும் பலர் பத்து வருஷங்களில் அத்தகைய இல்லத்துக்கு விண்ணப்பம் போடக்கூடியவர்கள்.

ஆகையால் சங்கத்தாரே, உங்களிடம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள். உங்கள் துணைவிதிகளிலோ, எழுதப்படாத வழக்கத்திலோ, இன்ன சாதியாருக்கு, தனித்து வாழும் பெண்ணுக்கு, திருநங்கைக்கு, வடநாட்டுத் தொழிலாளிக்கு, நோயினின்று தேறியவருக்கு வீடு விடலாகாது என்ற நிபந்தனை இருக்குமானால், அடுத்த பொதுக்குழுவிலேயே அதை நீக்கித் தீர்மானம் நிறைவேற்றிப் பலகையில் ஒட்டுங்கள். முழுமைத் திட்டத்துக்கோ நில உபயோக மாற்றத்துக்கோ அறிவிப்பு வெளியாகும்போது, பாதாளச் சாக்கடை, குடிநீர், மழைநீர் வடியும் ஓடை, பூங்கா நிலம் ஆகியவற்றை முன்வைத்து, குறித்த காலத்துக்குள், எல்லாச் சங்கங்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். அந்த மனுவில் கையெழுத்திட நானும் வருகிறேன். உங்கள் தெருவில் ஓர் இல்லத்தார் வீடு கேட்டு வந்தால், வீட்டுக்காரருக்குத் தொலைபேசியில் மிரட்டல் விடுக்காமல், இல்லத்தாரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைத்து, பராமரிப்பாளர் யார், பதிவு உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சந்தாப் புத்தகத்தில் அவர்கள் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்,
கோவில்பட்டி